அர்த்தம் இன்னும் எடுக்கவில்லை

நான் பிரெஞ்சு படித்ததற்குக் காரணம் ஸ்ரீரங்கம் பஸ். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் நான் பி.ஏ. சேர்ந்த கல்லூரியில், இரண்டாம் மொழியாகத் தமிழோ சமஸ்கிருதமோ எடுத்தவர்களுக்குக் காலை முதல் மணியிலேயே வகுப்பு. நான் ஏறும் பஸ் காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகளின் பின்னால் ஊர்ந்து வந்து தெப்பக்குளத்தருகே என்னை இறக்கிவிடும்போது அந்த வகுப்பு பாதி முடிந்திருக்கும். அதற்கு முந்தைய பஸ்ஸும் உண்டு. புகுமுக வகுப்பில் ஓராண்டு முழுவதும் அதைப் பிடிக்க முயன்று தோற்றிருந்தேன். அந்த ஜூன் மாதம் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது: பிரெஞ்சு, ஆரம்ப நிலை, மூன்றாம் மணி.

அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படித்த பிறகே கையெழுத்திடுவார்.

“பிரெஞ்சா? அதைப் படிச்சு யாரோடடா பேசப்போறே?”

“பேசவே வேண்டாம்பா. பரீட்சையில எழுதினாப் போறும்.”

“அப்பச் சரி,” என்று கையெழுத்திட்டார்.

வகுப்பில் நாங்கள் நான்கு பேர். ஒருவரையொருவர் ஊர்ப் பெயராலும் தெருப் பெயராலும்தான் கூப்பிட்டுக்கொண்டோம். நான் ஸ்ரீரங்கம். பாலக்கரை என்பவன் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். எட்டு வயதிலிருந்து கோவில் பூசையில் பாதிரியாருக்குப் பக்கத்தில் நின்று லத்தீனில் பதில் சொல்லி வந்தவன். கடைவீதி என்பவன் அத்தர் வியாபாரி ஒருவரின் மகன். மதரஸாவில் அரபி ஓதக் கற்று, குரல் நன்றாக இருந்ததால் விசேஷங்களுக்கு ஓத அழைக்கப்பட்டவன். நான்காமவன் துறையூர். அவன் வீட்டில் கடலைச் சாகுபடி. ஹாஸ்டலில் தங்கியிருந்தான். முதல் மாதம் முழுக்க எங்களை ‘நீங்க’, ‘வாங்க’ என்றே பேசினான்.

விரிவுரையாளருக்கு முப்பது வயது இருக்கலாம். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே அவர்கள் பள்ளியில் படித்தவர். வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பிரெஞ்சு வகுப்பில் தமிழும் கூடாது, இங்கிலீஷும் கூடாது. “குழந்தை எப்படிப் பேசக் கத்துக்குது? டிக்‌ஷனரி பாத்தா? காதால கேட்டு, வாயால சொல்லும். அர்த்தம் தானா வந்து சேரும்,” என்று முதல் நாள் தமிழில் சொன்னார். அதன் பிறகு வகுப்பில் தமிழே பேசவில்லை.

பாடப் புத்தகம் ஒரே ஒரு பிரதி இருந்தது. அது அவரிடம் இருந்தது. மற்ற பிரதிகள் சென்னையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. ஆகவே அவர் ஒரு வரி படிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம், பிறகு நோட்டில் எழுதிக்கொள்வோம்.

இந்த ஏற்பாடு எனக்குப் பழக்கமானது. எங்கள் வீதியில் பிள்ளைகளுக்கு வடமொழித் தோத்திரங்களைச் சந்தை முறையில் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்பவர் ஒரு முறை சொல்வார், கேட்பவன் இரண்டு முறை சொல்வான். ஏழு வயதிலிருந்து அதைச் செய்தவன் ஆதலால், விரிவுரையாளர் ஒரு வரியைச் சொன்னதும் என் வாய் என்னைக் கேட்காமலே அதை இரண்டு முறை சொன்னது. பாலக்கரை தலையைக் குனிந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, கடைசி அசையை இழுத்துச் சொன்னான். கடைவீதி கண்ணை மூடி மெல்ல முன்னும் பின்னும் ஆடியபடி சொன்னான். அவன் மூக்கிலிருந்து வந்த சில ஒலிகளைக் கேட்டு விரிவுரையாளர் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு அவனையே பார்த்தார். காரைக்காலில்கூட அப்படிக் கேட்டதில்லை என்று பிறகு எங்களிடம் வராந்தாவில் சொன்னார்.

தீபாவளிக்குள் எங்கள் மூவருக்கும் பன்னிரண்டு பாடங்கள் மனப்பாடம். எங்கே ஆரம்பித்துவிட்டாலும் முடிவுவரை போவோம் என்று சொல்ல ஆசை. ஆனால் அது உண்மையல்ல. பாடத்தின் முதல் வரியில் ஆரம்பித்துவிட்டால் முடிவுவரை போவோம். நடுவில் யாராவது தும்மினால் மறுபடி முதல் வரி.

துறையூருக்கு இப்படி எந்தப் பயிற்சியும் கிடையாது. இரண்டு வரிக்கு மேல் அவன் நாக்கில் நிற்காது. அதற்குப் பதிலாக அவன் கையைத் தூக்குவான்.

“சார், இதுக்கு என்னங்க அர்த்தம்?”

விரிவுரையாளர் கொள்கையை விடாமல் அதே வரியை இன்னும் மெதுவாகப் பிரெஞ்சில் சொல்வார். நாங்கள் மூவரும் இரண்டு முறை சொல்வோம்.

அவன் கேள்வி எங்களுக்கு நாகரிகக் குறைவாகத் தோன்றியது. அர்த்தம் என்பது பிற்பாடு, தகுதியான வயதில், கிடைத்தால் கிடைப்பது. வந்த அன்றே அதைக் கேட்பது, பந்தியில் உட்கார்ந்ததும் பாயசம் கேட்பது போல.

“நான் பத்து வருஷமா சாமியாருக்கு லத்தீன்ல பதில் சொல்றேன்,” என்றான் பாலக்கரை. “அவர் என்ன கேக்குறாருன்னும் தெரியாது, நான் என்ன சொல்றேன்னும் தெரியாது. ஒரு நாளாவது எங்களுக்குள்ள தகராறு வந்திருக்கா?”

“எங்க மதரஸா ஹஜ்ரத்கிட்ட ஒருத்தன் அர்த்தம் கேட்டான்,” என்றான் கடைவீதி. “மொதல்ல ஒழுங்கா ஓதுடான்னார். அவன் இன்னும் ஒழுங்கா ஓதிக்கிட்டிருக்கான்.”

“சரிங்க. ஆனா இந்த ‘ஷியன்’ ‘ஷியன்’னு வருதே, அது நாய்தானான்னு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க,” என்றான் துறையூர்.

“எது நாய்?” என்றோம் நாங்கள்.

வீட்டில் காலையில் குளித்துவிட்டு நான் உரக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். பக்கத்தாத்து மாமி ஒரு நாள் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்று கேட்டாள்.

“என்ன ஸ்தோத்ரம்டா இது? எந்தப் பெருமாள் மேல?”

“புதுசு மாமி.”

“பேஷா இருக்கு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு, மாமாவும் கேக்கட்டும்.”

சத்தமாகவே சொன்னேன். அது மீன் கடைப் பாடம் என்று தெரிய எனக்கு மேலும் பத்து மாதம் ஆயிற்று.

விரிவுரையாளருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். பாடங்களெல்லாம் கேள்வியும் பதிலுமாக அமைந்திருந்தன. அவர் “நாய் எங்கே இருக்கிறது?” என்று பிரெஞ்சில் கேட்டால், அடுத்த வரி “நாய் மேசைக்கு அடியில் இருக்கிறது.” நாங்கள் அடுத்த வரியைச் சொன்னோம். நாங்கள் புரிந்துகொண்டு பதில் சொல்கிறோம் என்று அவர் எண்ணினார். முதலாண்டுப் பரீட்சையில் பாடங்களை எழுதச் சொன்னார். எங்களுக்குத் தொண்ணூறுக்கு மேல். துறையூருக்குப் பதினொன்று.

இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. நான்கு பேருக்கு ஒரு வகுப்பும் ஒரு விரிவுரையாளரும் அவசியமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. புதிதாக ஒருவரும் சேரவில்லை. அறையை என்.சி.சி. உடைகளை வைக்கக் கேட்கிறார்கள். முடிவெடுக்கும் முன்னால் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் வகுப்புக்கு வந்து பார்த்து முதல்வரிடம் அபிப்பிராயம் சொல்வார்.

அன்று விரிவுரையாளர் முதல் முறையாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கொள்கையையும் அதன்மேல் போட்டது போலத் தமிழில் பேசினார்.

“என்னோடது டெம்பரரி போஸ்ட்டுன்னு உங்களுக்குத் தெரியும். சம்சாரத்தை இப்பத்தான் உறையூருக்குக் கூட்டிட்டு வந்தேன். வகுப்பை மூடினா நான் காரைக்கால் போய் மாமனார் ஜவுளிக்கடையில முழம் போடணும். அவர் அதுக்குத்தான் ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கார்.”

எங்களுக்கும் அதில் பங்கு இருந்தது. வகுப்பை மூடினால் நாங்கள் தமிழ் வகுப்புக்குப் போய், இரண்டு ஆண்டுப் பாடத்தை மார்ச் மாதத்துக்குள் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். எனக்கு முதல் மணியும் முந்தைய பஸ்ஸும் கண்முன் வந்தன.

“நாங்க பாத்துக்கறோம் சார்,” என்றோம் மூவரும்.

“உங்களைப் பத்திக் கவலையே இல்ல,” என்றவர் துறையூர் பக்கம் திரும்பினார். “தம்பி, தப்பா நினைச்சுக்காதே. வர்றவருக்கு நாலு தலை தெரியணும். அதனால நீ வந்துரு. ஆனா வாயைத் திறக்காதே.”

“சரிங்க சார்,” என்றான் அவன்.

வந்தவர் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பிரான்சில் பிறந்த பாதிரியார்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக மருங்காபுரிப் பக்கத்து வறண்ட கிராமங்களில் இருந்தவர். காலை பஸ்ஸில் வந்த புழுதி வெள்ளை அங்கியின் ஓரத்தில் செம்மண் கரையாகப் படிந்திருந்தது. காலில் டயர்ச் செருப்பு. கறுப்புக் குடையை மேசைமேல் குறுக்கே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஆரம்பிங்கப்பா. நானும் பிரெஞ்சு கேட்டு ரொம்ப நாளாச்சு,” என்றார். அந்தத் தமிழில் மருங்காபுரி முழுக்க இருந்தது.

கடைவீதி ஏழாம் பாடத்தைத் தொடங்கினான். குளிர்காலம் பற்றிய பாடம் அது. பாதி தூரத்தில் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். பாலக்கரை ஒன்பதாம் பாடம். நான் பதினொன்று. மூவரும் சேர்ந்து ஐந்தாம் பாடத்தைக் கோஷ்டியாகச் சொன்னோம். முடிந்தபோது பாதிரியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். விரிவுரையாளர் எங்களைப் பார்த்த பார்வையில் பர்மனென்ட் ஆன மனிதரின் நிம்மதி இருந்தது. அத்தோடு பாதிரியார் எழுந்து போயிருக்கலாம். துரதிர்ஷ்டவசமாக அவருக்கு எங்கள்மேல் அன்பு வந்துவிட்டது. பேச விரும்பினார்.

“நாய் எங்கே?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“மேசைக்கு அடியில்,” என்றோம். அவர் சிரித்தார்.

“குடை எங்கே?”

“குடை கதவுக்குப் பின்னால், மூலையில் இருக்கிறது,” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். ஆறாம் பாடம், நான்காவது வரி.

பாதிரியார் திரும்பிக் கதவுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தம் குடையைப் பார்த்தார். மறுபடி கேட்டார். நாங்கள் மறுபடி, இன்னும் தெளிவான உச்சரிப்பில், அதையே சொன்னோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைவீதியின் பக்கம் திரும்பிய சமயத்தில், விரிவுரையாளர் சத்தமில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் மூலையில் சாத்திவைத்தார்.

“உனக்கு என்ன வயசு?” என்று பிரெஞ்சில் கடைவீதியைக் கேட்டார் பாதிரியார்.

அரும்பு மீசை வைத்திருந்த கடைவீதி, தனக்கு ஒன்பது வயது என்று அழகாகச் சொன்னான். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பாலக்கரை, ஒரே ஒரு தங்கை, அவள் இப்போது பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்றான். அவன் வீட்டில் ஏழு பிள்ளைகள்; பெண் கிடையாது.

பெரியவர் என்னைப் பார்த்தார். இந்த முறை பிரெஞ்சு இல்லை.

“ஏம்ப்பா, இப்பச் சொன்னியே, அதுக்கெல்லாம் என்னாப்பா அர்த்தம்?”

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. பொய் சொல்லவும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

“அர்த்தம் இன்னும் எடுக்கலை ஃபாதர்,” என்றேன்.

  விரிவுரையாளர் கதவருகே, குடைக்குப் பக்கத்தில், இன்னொரு குடை போல நின்றார்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

“சார், நான் இப்ப வாயைத் திறக்கலாங்களா?”

விரிவுரையாளர் தலையை அசைத்தார். இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்ற அசைவு. துறையூர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, நாங்கள் கேட்டதிலேயே மிக மோசமான உச்சரிப்பில், ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைத்தான். வினை, விகுதி எதுவும் கிடையாது. “குடை, மேசை. பிறகு சார். பிறகு கதவு.”

பின்னாளில் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்து எத்தனையோ செய்திகளைச் சுருக்கியிருக்கிறேன். அதைச் சுருக்கியிருக்க முடியாது.

பாதிரியார் எழுந்தே நின்றுவிட்டார். எந்த ஊர் என்று பிரெஞ்சில் கேட்டார். “துறையூர்.” அப்பா என்ன செய்கிறார்? “அப்பா, நிலம். மாடு நான்கு. மழை இல்லை.” என்ன பயிர்? அவனுக்குச் சொல் வரவில்லை. பாதிரியார் உதவ முயன்றார். கடலைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்பது அவருக்கும் மறந்துபோயிருந்தது. மருங்காபுரியில் அதற்குத் தேவை இருந்ததில்லை. துறையூர் குனிந்து பெஞ்சின் அடியிலிருந்து தடித்த அகராதி ஒன்றை எடுத்தான். கல்லூரி நூலகத்துடையது, அதற்கு முன் யாரும் எடுத்ததற்கான முத்திரை அதில் இல்லை. இருவரும் தலையோடு தலை வைத்துத் தேடினார்கள். கிடைத்ததும் பெரியவர் அந்தச் சொல்லை உரக்க மூன்று முறை சொன்னார். அப்புறம் கால் மணி நேரம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் மூவரும் அந்த வகுப்பின் நல்ல மாணவர்கள்.

புறப்படும்போது பாதிரியார் கதவுக்குப் பின்னால் கையை விட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். விரிவுரையாளரின் தோளைத் தட்டினார்.

“மூணு பேரு பூசை வைக்கிறான், ஒருத்தன் பேசுறான். நாலு விதை போட்டு ஒண்ணு மொளைச்சிருக்கு. எங்க ஊரு மண்ணுக்கு அது நல்ல வெள்ளாமை சார். முதல்வர்கிட்ட அப்படியே சொல்றேன்.”

அப்படியே சொன்னார் போலிருக்கிறது. ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. வகுப்பு மார்ச் வரை நடக்கும். நால்வரும் பல்கலைக்கழகப் பரீட்சையில் தேறினால் தொடரும், விரிவுரையாளரும் தொடர்வார். ஒருவர் தவறினாலும் என்.சி.சி.

விரிவுரையாளர் எங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து புத்தகத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். “நோட்டையும் கொண்டாங்க,” என்று எங்கள் மூவரின் நோட்டுகளையும் வாங்கி அதே டிராயரில் போட்டார். துறையூரின் நோட்டை மட்டும் விட்டுவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு வேறு விதமானது. தெரியாததைக் கற்றுக்கொள்வதைவிட, தெரிந்துவிட்டதை நிறுத்துவது கடினம். மொழிபெயர்க்க ஒரு வாக்கியம் கொடுத்தால் முதல் சொல்லைக் கேட்டதும் நாக்கு பாடத்தின் கடைசி வரிக்கு ஓடிப்போய் நிற்கும். மாலைகளில் துறையூரின் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்தோம். அவன் பாட வாக்கியங்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் குலுக்கி, ஒன்றொன்றாக எடுத்து நீட்டுவான்.

“சொல்லுடா ஸ்ரீரங்கம். அர்த்தம்.” ஒரு வருஷத்தில் எங்களை ‘டா’ போடும் உரிமை அவனுக்கு வந்திருந்தது.

“கொஞ்சம் முன்னாடிலேர்ந்து ஆரம்பிக்கறேனே.”

“முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது. இந்த ஒரு வரி.”

“டேய், ஒரு குறிப்புக் குடுடா.”

“இப்ப அர்த்தம் கேக்குறது யாருங்க?” என்பான் அந்தப் பழைய மரியாதைக் குரலில்.

அர்த்தம் தெரியத் தெரிய எங்களுக்கு ஏற்பட்டது ஏமாற்றம்தான். ஒன்பதாம் பாடம் முழுவதும் ஒரு சமையல்காரி வெங்காயம் வாங்குவதைப் பற்றியது என்று தெரிந்த அன்று பாலக்கரை துண்டுக் காகிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தான்.

“இதுக்காடா நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னேன்?”

“பன்னெண்டாம் பாடம் ஏதாவது பெருசா இருக்கும்,” என்றான் கடைவீதி.

பன்னிரண்டாம் பாடத்தில் குடும்பம் ரயிலைத் தவறவிடுகிறது. அவ்வளவுதான்.

மார்ச்சில் எழுதினோம். முடிவு வந்த அன்று விரிவுரையாளர் தேர்வு எண் பட்டியலின் முன்னால் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். துறையூருக்கு முதல் வகுப்பு. நாங்கள் மூவரும் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தோம். நான் எல்லோரையும்விடக் குறைந்த தூரம். விரிவுரையாளர் நான்கு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். மாமனாருக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். சந்தோஷச் செய்தியை அவ்வளவு பழிவாங்கும் முகத்தோடு தந்தி கொடுக்கப் போனவரை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு மொழி வகுப்பு கிடையாது. ஆனாலும் ஜூன் மாதத்தில் ஒரு நாள் அந்த வராந்தா வழியாகப் போனேன். பிரெஞ்சில் புதிதாகப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். விரிவுரையாளர் பர்மனென்ட் ஆகிவிட்டார், கோட்டு புதியது. மேசைமேல் அகராதி ஒன்று விரித்தபடி இருந்தது. அவர் பையன்களை ஒவ்வொருவராக எழுப்பி, நல்ல தமிழில், ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுக்கு முன்னாடி எதையாவது அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ணியிருக்கியா?”

“நெறைய சார்,” என்றான் எழுந்து நின்றவன், பெருமையாக. “ஒரு எழுத்து பிசகாம சொல்வேன். சொல்லட்டுங்களா?”

“வேண்டாம், வேண்டாம்,” என்று அவசரமாகக் கையை உயர்த்தினார் அவர். “நீ என் கண்ணு முன்னாடி, முன் பெஞ்சுல வந்து உக்காரு.”

முன் பெஞ்சில் இடம் இல்லை. அது ஏற்கெனவே நிறைந்திருந்தது.